அமுக்கராவின் இரட்டிப்புக் கணக்கு

நாட்டு மருந்துக் கடையில் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது அமுக்கரா சூரணம்தான். அதில் என்னென்ன சேர்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அமுக்கரா கத்தரி, தக்காளி குடும்பத்துக் குறுஞ்செடி. உடம்பெல்லாம் சாம்பல் நிறச் சுணை. சொடக்குத் தக்காளிக்கு இருப்பதுபோல மெல்லிய உறைக்குள் செம்பழம். மருந்துக்கு எடுப்பது வேரை. கடையில் கிழங்கு என்பார்கள். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கம் இதைப் பயிராகவே போடுகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் வேர் தயார்.

சித்த மருத்துவர்கள் அந்த வேரை அப்படியே இடித்துக் கொடுப்பதில்லை. பாலும் தண்ணீரும் கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, பொடியை அதன்மேல் பரப்பி ஆவியில் அவித்து, உலர்த்தி, மறுபடி இடிக்கிறார்கள். பிட்டவியல் என்பார்கள். பிறகுதான் சேர்மானம். இலவங்கம் 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல இரு மடங்கு. ஏட்டைப் பார்க்காமலே நினைவில் நிற்கும் கணக்கு. கூட்டினால் 255. அதாவது அமுக்கரா கால் பங்குதான், பாதி சர்க்கரை! நீரிழிவுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படுக்கப்போகும்போது வெதுவெதுப்பான பாலில் கலந்து குடித்தால் அன்றைக்கே கண் செருகுமா? செருகாது. 5 மருத்துவ ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, பலன் உண்டு, ஆனால் சிறிது என்கிறது. நாளுக்கு 600 மில்லிகிராமும் அதற்கு மேலும், 8 வாரமாவது எடுத்தவர்களிடமே அது தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் எடுத்ததும் செறிவூட்டிய சாறு. நம் பொடியோடு கிராமுக்குக் கிராம் ஒப்பிட முடியாது.

தூங்கவைப்பது எது என்பதிலும் ஒரு வேடிக்கை. அமுக்கராவின் பெருமையெல்லாம் விதனோலைடுகள் என்ற பொருள்களுக்கே சேரும். ஆனால் 2017இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் பார்த்தபோது, தூங்கவைத்தது இலையின் நீர்ச்சாற்றிலிருந்த டிரை எத்திலீன் கிளைக்கால். விதனோலைடு மிகுந்த சாறு தூங்கவைக்கவில்லை. நம் ஆயுஷ் அமைச்சகமோ இலையைச் சேர்க்க வேண்டாம் என்று 2021இல் மருந்து நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு அமுக்கரா ஆகாது. தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.