நடக்காத ஆட்சிகள் – 9: குடியாத்தமா, அந்த ஆறு பேரா?

1949 செப்டம்பர் 15 அன்று பான் நகரில் கூடிய மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத்தில் 402 உறுப்பினர்கள். பிரதமராக 202 ஓட்டு வேண்டும். 73 வயது கொன்ராட் அடினாவருக்குக் கிடைத்தது சரியாக 202. அதில் அவர் தனக்கே போட்டுக்கொண்ட ஓட்டும் ஒன்று. அது இல்லாமல் போயிருந்தால் எதிரணியின் கர்ட் ஷூமாக்கர் ஆட்சிக்கு வந்திருப்பார், ஜெர்மனி மேற்கு நாடுகளின் பக்கம் அவ்வளவு சீக்கிரம் சாய்ந்திருக்காது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் ஒரு ஓட்டு குறைந்திருந்தால் மறு ஓட்டெடுப்பு நடந்திருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் கேள்வி நியாயமானது. வேறு விதமாக முடிவெடுக்கும் வாய்ப்பு அந்த உறுப்பினர்களின் கையில் அன்று உண்மையிலேயே இருந்தது. “நடந்திருந்தால்” என்று கேட்பதற்கு இந்த ஒரு தகுதியைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

இதே உரைகல்லில் நம் பழைய வடாற்காடு மாவட்டத்தை உரசிப் பார்ப்போம். திருப்பத்தூரிலிருந்து வேலூர் வரை எல்லோரும் பெருமையோடு சொல்வது குடியாத்தம் இடைத்தேர்தலை. 1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற காமராஜர் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரின் நாடாளுமன்ற உறுப்பினர். சட்டமன்றத்துக்குள் நுழைய அவர் தேர்ந்தெடுத்த தொகுதி குடியாத்தம். அங்கே தோற்றிருந்தால் தமிழ்நாட்டின் வரலாறே மாறியிருக்கும் என்கிறார்கள். மாறியிருக்கும்தான். ஆனால் அவர் தோற்கக்கூடிய தேர்தலா அது? பெரியார் ஆதரித்தார், அண்ணாவின் தி.மு.க.வும் ஆதரித்தது. எதிரே நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளரைக் காமராஜர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். அதற்கு முன் கட்சிக்குள் நடந்த தலைவர் தேர்தலிலும் இழுபறி இல்லை. ராஜாஜியின் ஆதரவோடு நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41 ஓட்டு, காமராஜருக்கு 93. சுப்பிரமணியமே வென்றிருந்தாலும் முக்கியமான ஒன்று மாறியிருக்காது என்பது என் கணிப்பு. பிள்ளைகள் அரை நாள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம் 1954 மே மாதம் கைவிடப்பட்டதைக் கல்வி அமைச்சராக அறிவித்தவர் அவர்தான். அந்தத் திட்டத்தை அதற்கு மேல் யாராலும் சுமந்திருக்க முடியாது.

ஆகவே திருப்புமுனையை இரண்டு ஆண்டு முன்னால் தேட வேண்டும். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, தங்களுக்கு 166 பேர் ஆதரவு என்று ஆட்சி உரிமை கோரினார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அவர்களை அழைக்கவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். அப்போது வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் வன்னியர்களிடையே செல்வாக்கு பெற்றிருந்த காமன்வீல் கட்சிக்கு ஆறு உறுப்பினர்கள். காங்கிரசை எதிர்த்து, திராவிட நாடு கோரிக்கைக்கு உறுதியளித்து, தி.மு.க.வின் ஆதரவையும் பெற்று வென்ற கட்சி அது. அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜியின் அமைச்சரவையில் வருவாய்த் துறை அமைச்சரானார்.

ஆறு பேரால் என்ன ஆகிவிடும், ஜூலை 3 நம்பிக்கை ஓட்டெடுப்பில் 200க்கு 151 என்று ராஜாஜி தாராளமாக வென்றாரே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த 200 ஏப்ரலில் இல்லை. மூன்று மாதத்தில் சேர்க்கப்பட்டது அது. 152-ஐ மட்டும் வைத்துக்கொண்டு நின்றவருக்கு, எதிரணியிலிருந்து ஒரு கட்சி முழுதாக வந்து அமைச்சர் பதவியும் பெற்றதுதான் மற்றவர்களுக்கு வழி காட்டியது. 19 பேரை வைத்திருந்த ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி பதவி பெறாமலே ஆதரவு தந்தது. முதல் கல் வடாற்காட்டுப் பக்கமிருந்து உருண்டது.

அது உருளாமல் இருந்திருந்தால்? பிரகாசம் ஆட்சி நீடித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பின்னாளில் ஆந்திரத்தின் முதல் முதலமைச்சரான அவர் 1954 நவம்பரில் ஒரே ஓட்டில் கவிழ்ந்தார். ஆந்திரம் பிரிந்ததும் காங்கிரஸ் இங்கே தானாகவே வலுப்பெற்றிருக்கும், காமராஜரும் எப்படியோ வந்திருப்பார் என்பது வலுவான மறுப்பு. அதில் பாதியை ஏற்கிறேன். வந்திருப்பார், ஆனால் வேறு காமராஜராக. ராஜாஜி ஆட்சி இல்லையென்றால் 1953இன் குலக்கல்வித் திட்டம் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். ஷிப்ட் முறையால் கூடுதல் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது ராஜாஜியின் நியாயம். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடியைச் சுற்றிய கிராமங்களில் அதன் பொருள் என்ன? அப்பன் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று பச்சைத்தோலைப் புரட்டுகிறான், மகன் அரை நாள் அதைப் பார்த்துக் கற்க வேண்டும். பச்சைத்தோலைத் தொடுகிறவர் எந்தச் சாதி என்று அந்த ஊர்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கோபம்தான் பெரியாரையும் தி.மு.க.வையும் காங்கிரசுக்குள் இருந்த அதிருப்தியாளர்களையும் ஒரே பக்கம் நிறுத்தியது. குடியாத்தத்தில் காமராஜர் பின்னால் திரண்டது அந்த அணிதான்.

அடினாவரின் 1949 கூட்டணியிலும் இப்படி ஒரு வட்டாரக் கட்சி இருந்தது. கீழ்சாக்சனியை நம்பிய ஜெர்மன் கட்சிக்கு 17 இடம். அமைச்சர் பதவிகள் பெற்றது, 1960இல் அதன் அமைச்சர்களே அடினாவரின் கட்சிக்குப் போய்விட்டார்கள். இங்கே அதற்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. காமராஜரின் எட்டுப் பேர் அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கரும் இருந்தார், ராமசாமி படையாட்சியாரும் இருந்தார். இருவரின் கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன.