கல்லிடுக்கை அடைக்கும் கலங்கல்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் சில ஆறுகள் பால் நிறத்தில் ஓடின. பீங்கானுக்கும் காகிதத்துக்கும் பயன்படும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீர் பீய்ச்சி எடுத்த சுரங்கங்களின் கழிவுதான் காரணம். களிமண் நஞ்சு அல்ல. ஆனாலும் மீன்கள் குறைந்தன.

எவ்வளவு குறைந்தன என்று 1961இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராமும் அதற்கு மேலும் களிமண் மிதந்த ஓடைகளில், தெளிந்த ஓடைகளில் இருந்ததில் ஏழில் ஒரு பங்கு டிரவுட் மீன்களே இருந்தன. சுமார் 60 மில்லிகிராம் மிதந்த ஓடையில் அப்படிக் குறையவில்லை.

பாதிப்பு ஓடையின் அடித்தரையில் தொடங்குகிறது. பெண் டிரவுட் வாலால் அடித்துச் சரளைக்கற்களில் குழி பறித்து, முட்டையிட்டு, கற்களாலேயே மூடிவிடும். பல வாரங்கள் முட்டைகள் அங்கேதான் கிடக்கும். கற்களுக்கு நடுவே ஊடுருவும் நீர்தான் அவற்றுக்கு ஆக்சிஜன் கொண்டுவரும். வண்டல் படிந்து அந்த இடுக்கு அடைபட்டால் முட்டைகள் மூச்சுமுட்டி இறக்கும்.

மீனுக்கு இரையாகும் பூச்சிகளுக்கும் இதே கதிதான். தெளிந்த ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் மேஃபிளைப் பூச்சியின் குஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்: தட்டை உடல், வயிற்றின் இருபுறமும் மெல்லிய தகடுகளாகச் செவுள்கள், பின்னால் இரண்டு மூன்று வால் இழைகள். நுண்மண் படிந்தால் அந்தச் செவுள்கள் திணறும். கல்லின் மேல் வளரும் பாசிக்கு வெளிச்சம் குறையும். அதைத் தின்னும் பூச்சிகளும் குறையும்.

அதற்காகக் கலங்கிய நீரெல்லாம் கெட்ட நீர் என்று சொல்லிவிடக் கூடாது. பெருமழையில் நல்ல ஓடையும் செந்நீராகத்தான் ஓடும். மழை விட்டதும் தெளியும். மாதக்கணக்கில் தெளியாத கலங்கலே ஆபத்து. எவ்வளவு மண் மிதக்கிறது என்பதோடு எத்தனை நாள் மிதக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

அளப்பது எளிது: நீரை வடிதாளில் வடிகட்டி, தாளை உலர்த்தி, எடை போடுவார்கள். 1960களின் நடுவில் ஐரோப்பிய உள்நாட்டு மீன்வள ஆலோசனைக் குழு ஒரு வரம்பைச் சொன்னது. லிட்டருக்கு 25 மில்லிகிராமுக்குக் கீழே தீங்குக்குச் சான்றில்லை. 80 வரை மீன்வளம் ஓரளவு நன்றாக இருக்கலாம். 400ஐத் தாண்டினால் நல்ல மீன்வளத்துக்கு வாய்ப்பில்லை. அந்த 25ஐத்தான் 1978இல் ஐரோப்பிய நன்னீர் மீன் நெறிமுறை சராசரி அளவாக ஏற்றது. வெள்ளக் காலத்தில் அளவு மிக அதிகமாகும் என்பதையும் அதே நெறிமுறை குறித்து வைத்திருந்தது.