குளத்துப் புலியின் பிள்ளைப் பாசம்

விரால் மீன் என்றதும் நமக்கெல்லாம் குழம்புச் சட்டிதான் ஞாபகத்துக்கு வரும். முள் குறைச்சல், சதை கெட்டி, குழந்தைகளுக்குப் பயமில்லாமல் ஊட்டலாம். ஆனால் குளத்துக்குள்ளே அது எப்பேர்ப்பட்ட ஆசாமி என்று தெரிந்தால், மீன்காரம்மாவின் அண்டாவில் பார்க்கும்போது கொஞ்சம் மரியாதையே வந்துவிடும்!

'கெண்டையைப் போட்டு விராலை இழுப்பது' என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? அது வெறும் பேச்சில்லை. விரால் சுத்தமான மாமிசபட்சிணி. சின்ன மீன், தவளை, தலைப்பிரட்டை, பூச்சி எதையும் விடாது. பாசிக்குள் ஆடாமல் அசையாமல் நிற்கும். இரை கிட்டே வந்ததோ இல்லையோ, ஒரே பாய்ச்சல்! பசி வந்தால் தன் இனத்துச் சின்னதையும் விழுங்கிவிடும். அதனால்தான் மீன் பண்ணைகளில் பெரிய குஞ்சையும் சிறிய குஞ்சையும் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கிறார்கள்.

காற்றைக் குடிக்கும் மீன்

மற்ற மீன்கள் பலவும் கரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் உயிரை விட, விரால் எப்படித் துள்ளிக்கொண்டே இருக்கிறது? அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றை வாங்கி வைக்க ஒரு அறை இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப் போகும். மீனுக்கே இந்தக் கதி என்றால் வேடிக்கைதான்!

கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஈரத் தரையில் நெளிந்து நெளிந்து பக்கத்துக் குட்டைக்கும் போய்விடும்.

தகப்பனின் காவல்

இத்தனை பொல்லாத மீன், பிள்ளை வளர்ப்பில் நமக்கே பாடம் சொல்லும். மழைக்காலம்தான் இதற்கு முக்கியமான பருவம். ஜோடியாகச் சேர்ந்து கரையோரப் பாசியை விலக்கி, வட்டமாக இடம் பண்ணிக்கொள்ளும். முட்டைகள் மஞ்சள் மணிகளாக மேலே மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். காவல் இருப்பது பெரும்பாலும் தகப்பன் மீன்!

குஞ்சுகள் செக்கச் செவேலென்று ஒரே கும்பலாக நீந்தும். அவையும் மூச்சு வாங்க மேலே வருவதால், தண்ணீரில் செம்பருத்தி இதழைத் தூவினாற்போல் இருக்கும். கீழே பெற்றவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். கிட்டே எது வந்தாலும் சீறிப் பாய்வார்கள்.

அங்கேதான் ஆபத்தும். அந்தச் சிவப்புக் கும்பலைக் கண்டால், அதற்குக் கீழே பெரிய விரால் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் நடுவே தூண்டிலைப் போட்டால், பசியில்லாவிட்டாலும் பிள்ளையைக் காப்பாற்ற வந்து கவ்வும். நமக்குக் கிடைப்பது ஒரு மீன். அங்கே காவல் இழந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீனுக்கும் தவளைக்கும் கொக்குக்கும் இரை.

நாம் செய்யக்கூடியது

மழை நாளில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பையன்களிடம், "சிவப்புக் குஞ்சு மொய்க்கிற இடத்தில் போடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். விரால் குஞ்சுகளைக் கூறு கட்டி விற்றால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் பிடிக்கவும் மாட்டார்கள்.

உயிர் மீன் வாங்கி வந்தால் பாத்திரத்தைத் தளும்பத் தளும்ப நிரப்ப வேண்டாம். மேலே காற்றுக்கு இடம் விட்டு, எகிறிக் குதிக்காமல் ஓட்டைத் தட்டால் மூடுங்கள். வழுவழுப்புப் போக, சாம்பலும் கல் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அரைவேக்காடு மட்டும் கூடவே கூடாது. இந்த மீனில் மனிதர் உடம்பில் புகக்கூடிய புழு இருக்கலாம். நன்றாக வெந்தால் பயமில்லை.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் பிறகு புண் ஆற விரால் கொடுப்பது வழக்கம். நல்ல புரதம்தான், சந்தேகமில்லை. ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டுக் குழம்பை நம்பக் கூடாது.

பிள்ளை பெரிதாகிற வரைக்கும் காவல் நிற்கிற அந்த மீனுக்கு நாம் அந்தக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்தால் போதும். அடுத்த வருஷமும் குளத்தில் விரால் துள்ளும். நம் வீட்டுச் சட்டியிலும் மணக்கும்.