நருமதைக் கரைக்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

பிழைப்பை முன்னிட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுள் பலர், தாம் குடியிருக்கும் ஊரைப் பார்ப்பதே இல்லை. அலுவலகம், அங்காடி, புகைவண்டி நிலையம் ஆகிய மூன்றுமே அவர்களுக்கு ஊர். நாங்களும் ஜபல்பூரில் ஏழாண்டுகள் அவ்வாறே வாழ்ந்தோம். பேடாகாட்டின் சலவைக்கல் மலைகளைக் காண நாற்றிசையிலிருந்தும் மக்கள் வந்து எங்கள் நிலையத்தில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லிப் பழகிய நாங்கள், அவ்வழியில் ஒருநாளும் சென்றதில்லை.

காரணத்தை மறைப்பானேன்? எங்கள் இல்லத்தரசி தருமபுரிப் பக்கத்தவர். மணமாகி இங்கு வந்த நாள் முதல், தமிழ்நாட்டுக்கு மாறுதல் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பெட்டிகளைக்கூட முழுதும் பிரிக்காமல் வைத்திருந்தார். சொந்த விருப்பத்தின்பேரில் வேறு ரயில்வேக்குச் செல்லும் எழுத்தர், அங்கே பணிமூப்பில் கடைசி ஆளாகவே சேரவேண்டும் என்பதை ரயில்வேக் குடும்பங்கள் நன்கு அறியும். போவதா, பொறுப்பதா என்று எங்களுக்குள் ஓயாத வழக்கு. விண்ணப்பம் கொடுத்தாயிற்று, முறை வரவில்லை, வழக்கும் தீரவில்லை.

இந்நிலையில் சென்ற மழைக்காலத்தில், அண்டைவீட்டு மராட்டியப் பெண்மணியிடம் அவர் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். முப்பது வயதுக்கு மேல் இது எதற்கு என்று உறவினர் தொலைபேசியில் நகைத்தனர். முழங்காலில் இரண்டு தழும்புகளோடு அவர் கற்று முடித்தார். முடித்ததும், "என்னங்க, எங்கேயாவது தூரமாய்ப் போவோமா?" என்றார். ஏழாண்டுகளில் அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், மகனை அந்த மராட்டியக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு விடியுமுன் புறப்பட்டோம். பழைய வண்டிகள் இரண்டு, ஒரு தூக்கில் புளியோதரை, காற்றடிக்கும் பம்பு ஒன்று. இவையே எங்கள் ஏற்பாடு. போக வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

மதன்மகால் குன்றின் அடியை அடைந்தபோது வெளிச்சம் வந்தது. உச்சியில் கோண்டு மன்னர்களின் சிறு கோட்டை நிற்கிறது. 1564இல் அக்பரின் படையை எதிர்த்துக் களத்தில் உயிர்விட்ட ராணி துர்காவதி கோண்டு நாட்டின் அரசியே. குன்றின்மேல், ஒரு பாறையின்மீது மற்றொரு பெரும்பாறை தொட்டும் தொடாமலும் அமர்ந்திருக்கிறது. 1997 மே 22ஆம் நாள் இவ்வூரை உலுக்கிய நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தன. அந்தப் பாறை அசையவில்லை.

வழியில் அவலும் ஜிலேபியும் உண்டோம். ஜபல்பூருக்கே உரிய கோவா ஜிலேபி கருநிறமாக இருக்கும். கண்டு அஞ்ச வேண்டா. பின்னர்ச் சாலை ஏறி இறங்கியது. ஏற்றங்களில் இறங்கித் தள்ளினோம். லாரிகள் வந்தபோது ஓரங்கட்டி நின்றோம். தேவார் என்னும் சிற்றூரைக் கடந்தோம். களசூரி மன்னர்களின் தலைநகராய் விளங்கிய திரிபுரி இதுதான். 1939ஆம் ஆண்டுத் திரிபுரிக் காங்கிரசு இப்பகுதியில் கூடியது. பட்டாபி சீதாராமையாவின் 1377 வாக்குகளுக்கு எதிராக 1580 வாக்குகள் பெற்று வென்ற சுபாஷ் சந்திர போஸ், காய்ச்சலோடு வந்து தலைமை ஏற்ற மாநாடு அது.

அருவிக்குச் சற்றுத் தொலைவிலேயே அதன் முழக்கம் கேட்டது. அகன்று வரும் நருமதை, இங்கே திடீரெனச் சலவைக்கற் பிளவுக்குள் வீழ்கிறது. வீழும் வேகத்தில் சாரல் வெண்புகையாய் மேலெழுகிறது. 'துவாம்' என்றால் இந்தியில் புகை. 'தார்' என்றால் தாரை. ஆகவே இதற்குத் துவாந்தார் என்று பெயர். பொருளைச் சொன்னதும் எங்கள் இல்லத்தரசி கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அவர் பிறந்த பக்கத்தில் காவிரி வீழும் ஒகேனக்கல்லுக்கும் அதுவே பொருள்; கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. ஆடிப்பெருக்கன்று தந்தையின் தோளில் அமர்ந்து அந்தப் புகையைப் பார்த்ததையும், பரிசலில் ஏற அஞ்சி அழுததையும் அவர் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். சாரலில் முகம் நனைந்திருந்தது. "இதுவும் புகைக்கல்தாங்க" என்றார்.

காவிரி கிழக்கு நோக்கிச் செல்கிறது. நருமதையோ அமரகண்டகத்தில் பிறந்து, 1312 கிலோமீட்டர் மேற்கே ஓடிக் காம்பே வளைகுடாவில் கலக்கிறது. அதனை வலப்புறமாக வைத்துக் கால்நடையாகவே சுற்றிவரும் அடியார்கள் உண்டு. அவர்களுள் ஒரு மூதாட்டி, "நருமதே ஹர்" என்று வணங்கிவிட்டு எங்கள் அருகே அமர்ந்தார். புளியோதரையில் பங்கு கொடுத்தோம். வீடு எங்கே என்று அவர் கேட்டார். "ஜபல்பூர்" என்று எங்கள் இல்லத்தரசி தம் இந்தியில் விடை சொன்னார். வேறெதுவும் சேர்க்கவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

பிற்பகலில் படகேறினோம். மழைக்காலத்தில் படகு விடுவதில்லை. நல்லவேளையாக அது முடிந்திருந்தது. இருபுறமும் ஏறத்தாழ நூறடி உயரத்துக்குச் சலவைக்கல் செங்குத்தாய் நிற்கிறது. வெண்மை, சாம்பல், இளமஞ்சள் என்று திருப்பத்துக்குத் திருப்பம் நிறம் மாறுகிறது. அருவியில் முழங்கிய ஆறு இங்கே குளம்போல் அடங்கிக் கிடக்கிறது. படகோட்டி எதுகை மோனையோடு இந்தியில் வேடிக்கை பேசிக்கொண்டே துடுப்பு வலித்தார். எங்கள் இல்லத்தரசிதான் முதலில் சிரித்தார். அலுவலகத்தில் நாள்தோறும் இந்திக் கோப்பு எழுதுபவருக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது.

சவுசட் யோகினி கோயிலுக்கு நூற்றுக்கு மேற்பட்ட படிகள். பெயர் அறுபத்து நான்கு. வட்டச் சுற்றில் உள்ள மாடங்களோ 81. சிலைகள் பலவும் உடைபட்டுள்ளன. கால் வலியால் விரைவிலேயே இறங்கிவிட்டோம்.

கடைத்தெருவில் விற்கும் கற்பொம்மை ஒன்றை எங்கள் இல்லத்தரசி நகத்தால் கீறிப் பார்த்து, "நம்ம கல்சட்டி மாக்கல்!" என்றார். தீபத் திருநாளுக்காக அதே கல்லில் ஓர் அகல் வாங்கினோம்.

திரும்பும்போது திரிபுரியருகே ஒரு சக்கரம் பஞ்சர். இருள் சூழ்ந்தது, மகன் தேடுவானே என்ற கலக்கம் வேறு. பஞ்சர் கடையை ஊரார் காட்டினர். கைப்பேசி வெளிச்சத்தில் ஓர் இளைஞன் டியூபை ஒட்டித் தந்தான். வீடு சேர்ந்தபோது இரவு எட்டு மணி. மகன் பூரி தின்று உறங்கியிருந்தான்.

விண்ணப்பத்தை நாங்கள் திரும்பப் பெறவில்லை. ஆனால் அகலை வைக்க இடம் வேண்டுமென்று பெட்டிகளுள் ஒன்று பிரிக்கப்பட்டது.

தை மாதத்தில் லமேதா காட்டுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்ட டைனோசர் எலும்புகளை 1828இல் ஸ்லீமன் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஜபல்பூரில் கண்டெடுத்தார். அவை கிடைத்த பாறையடுக்கு அத்துறையின் பெயராலேயே வழங்குகிறது. மிதிவண்டி வைத்திருக்கும் சங்கக் குடும்பங்கள் உடன் வரலாம். பம்பு எங்களிடம் இருக்கிறது.