சுரங்க மணியும் இணைய வகுப்பும்

கோலார் தங்கவயலிலிருந்து வருகிறேன் என்று சொன்னால், விடுதி நண்பர்கள் முதலில் கேட்பது, "வீட்டில் எத்தனை சவரன் இருக்கிறது?" என்பதுதான். சவரன் இல்லை, நண்பர்களே! சயனைடு மண் மேடுகளும், தங்கம் எடுத்தவர்கள் சொன்ன கதைகளுந்தாம் எங்களுக்கு எஞ்சியவை. அக்கதைகளுள் ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நாம் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் பயின்றுவரும் இணையவழிக் கல்வியைப் பற்றி எழுத முற்படுகிறேன்.

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜினில் வேலை பார்த்தவர். ஆட்கள் செல்லும் கூண்டை இரும்புக் கயிற்றால் ஏற்றி இறக்குவது அவ்வெந்திரம். எந்திர அறை தரைக்கு மேலே. கூண்டோ பல ஆயிரம் அடி ஆழத்தில். ஓட்டுகிறவர் ஆட்களைக் காணமாட்டார். அவர்கள் குரலும் அவருக்குக் கேட்காது. அவர் எதிரே ஆழங்காட்டும் முள் ஒன்று இருக்கும். அருகே மணி ஒன்று இருக்கும். கீழே நிற்பவர் மணியை அடிப்பார். எத்தனை அடி என்பதே அங்கு மொழி. நிறுத்து, இறக்கு, ஏற்று, ஆட்கள் ஏறுகிறார்கள் என எல்லாம் அந்த ஓசைக்குள் அடங்கும்.

"கண்ணுக்குத் தெரியாத ஆளை இழுக்கிற வேலைடா இது. மணி வராம லீவரைத் தொட்டா, அது கொலை" என்பார் தாத்தா.

இச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது 2020 ஆம் ஆண்டில். மார்ச் 25 ஆம் நாள் நாடு முழுதும் அடைக்கப்பட்டது. பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் எங்கள் ஊராரை ஏற்றிச் செல்லும் இரயில் நின்றது. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்த இரயில்தான் எங்கள் சுரங்கம்! அது நின்றதும் அப்பா வீட்டிலிருந்தார். அவருடைய கைப்பேசியும் வீட்டிலிருந்தது. பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நானும், ஏழாம் வகுப்புத் தங்கையும் அந்த ஒரு கைப்பேசிக்குப் பங்காளிகள் ஆனோம்.

ஒருநாள் கணக்கு வகுப்பு. ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே போகிறார். பத்தாம் நிமிடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. எங்கள் கைப்பேசிதான் பழுது என்று நான் எண்ணினேன். ஒவ்வொருவனும் அவ்வாறே எண்ணினான் என்பது பின்னர்த் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் நாற்பது நிமிடம் ஊமைப் பாடம் நடத்தி முடித்து, கும்பிட்டு விடைபெற்றார். நல்ல ஆசிரியர், உழைப்பிலும் குறைவில்லை. ஆயினும் மணி வரவில்லை, கயிறு மட்டும் ஓடியது!

இதில் கருவியின் இயல்பையும் அறிந்துகொள்வது நலம். குரலைக் கொண்டுசெல்ல நொடிக்குச் சில பத்துக் கிலோபிட் போதும். அசையும் படத்திற்கோ பல நூறு வேண்டும். இணைப்பு மெலியும்போது படத்தை நிறுத்திவிட்டுக் குரலைக் காப்பதே அறிவுடைமை. நாமோ முகம் தெரியவேண்டும் என்று படத்தைக் காத்துக் குரலை இழக்கிறோம்.

அதே மாதங்களில் அடுத்த லைனில் ஓர் அக்காள் (கல்லூரி மாணவி, அவரிடம் இருந்ததும் ஒரே கைப்பேசி) திண்ணையில் ஆறு பிள்ளைகளை உட்காரவைத்துப் பதிவு செய்யப்பட்ட பாடங்களை ஓட்டிக் காட்டினார். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்துவார். "டேய், இப்ப என்ன சொன்னாங்க? நீ சொல்லு" என்பார். சொல்லத் தெரியாவிட்டால் மீண்டும் ஓட்டுவார். என் தங்கை பின்னம் கற்றது அந்தத் திண்ணையில்தான். கருநாடக அரசும் 2020 ஆகஸ்டில் 'வித்யாகமா' என்னும் திட்டத்தால் ஆசிரியர்களைப் பிள்ளைகள் இருக்கும் இடத்திற்கே அனுப்பியது. திறன்பேசி உள்ளவர், எளிய கைப்பேசி மட்டும் உள்ளவர், ஒன்றும் இல்லாதவர் என்று பிள்ளைகளை வகைப்படுத்திக்கொண்டு தொடங்கிய திட்டம் அது. தொற்று அச்சத்தால் அக்டோபரில் நின்றது.

தொலைவிலிருந்து கற்பித்தல் புதிய செய்தி அன்று. 1962 இலேயே தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அங்கே மணி, திருத்தப்பட்டுத் திரும்பி வரும் விடைத்தாள். இன்று ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டெல். பாடங்களில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. ஆனால் திருத்துவது பெரும்பாலும் எந்திரம். விடை தவறு என்று அது சொல்லும். நீ ஏன் தவறினாய் என்று கேட்காது. ஸ்வயம் தளத்தின் வழியே 40 விழுக்காடு வரை மதிப்பலகு பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 இல் வழிவிட்ட பின், இவ்வேறுபாட்டை நம் மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, என் நெஞ்சுக்கு நெருங்கிய செய்தி. பள்ளியில் நான் படித்தவை கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் என் காதில் இருந்தது, கண்ணில் இல்லை. தாத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது, தம் டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை நீட்டி, "படிச்சுக் காட்டு" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

அந்த ஆண்டுதான் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைத் தேடிப் பிடித்தேன். 1999 இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 2001 பிப்ரவரி 17 ஆம் நாள் தொடங்கப்பெற்றது அது. எங்கள் சுரங்கம் மூடப்படுவதற்குப் பதினொரு நாள் முன்பு! தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழருக்கென்றே எழுந்தது. கடல் கடந்தவர்க்கு என்று எண்ணியிருந்தேன், மாரிக்குப்பத்தானுக்கும் உரியதுதான். எழுத்தைத் தொட்டால் ஓசை வரும். வரிவடிவம் கண்முன் விரியும். மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆனால் 'ழ'கரம்? திரை எனக்கு ஒலித்துக் காட்டியது. நான் ஒலித்ததை அது கேட்கவில்லை. கேட்டவர் தாத்தா. "வாளைப்பளம் இல்லடா, நாக்கை மடி" என்று கட்டிலில் படுத்தபடி மணி அடித்தார். பெட்டியிலிருந்த அப்புத்தகத்தை நாற்பது பக்கம் வரை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதற்குமேல் காலம் கொடுத்துவைக்கவில்லை.

இப்பொழுது ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து எங்கள் லைனின் நான்கு பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியே தமிழெழுத்துச் சொல்லித் தருகிறேன். முகத்தைக் காட்டச் சொல்வதில்லை; எழுதும் நோட்டை நோக்கிக் கைப்பேசியைச் சாய்த்து வைக்கச் சொல்கிறேன். பெயர் சொல்லி அழைக்கிறேன். விடை வருமுன் அடுத்த எழுத்துக்குப் போவதில்லை. சென்ற வாரம் ஒரு சிறுமி 'மழை' என்பதை 'மளை' என்று எழுதினாள். திருத்தச் சொன்னேன், அதற்குள் இணைப்பு அறுந்தது. அரைமணி கழித்து அவள் அம்மாவின் எண்ணிலிருந்து நோட்டின் படமொன்று வந்தது. பக்கம் முழுதும் மழை.