சாயத்திற்கும் மருந்துக்கும் உரிய இம்பூறல் வேர்

நெசவாளர் சாயவேர் என்பர். வைத்தியர் இம்பூறல் என்பர். பெயர் இரண்டாயினும் செடி ஒன்றே. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததெனினும், மணலோடு மணலாகப் படர்ந்து சிறு வெண்பூக்களைப் பூக்கும் இச்செடியைக் காலால் மிதித்துக்கொண்டே கடந்து செல்வோர் பலர். தரைக்கு மேல் தெரிவது அற்பம். சரக்கெல்லாம் கீழே ஓடும் மெல்லிய வேரில், அதிலும் வேரின் தோலில்தான் அடங்கியுள்ளது.

அத்தோலிலுள்ள அலிசரின் என்னும் பொருளே சிவப்புக்குக் காரணம். அது தானாகப் பருத்தியைப் பற்றாது. கடுக்காய் நீரில் தோய்த்துப் படிகாரம் ஏற்றிய பின்னரே பிடிக்கும். பிடித்தபின் சலவைக்கு எளிதில் விடாது. படிகாரத்திற்குப் பதில் இரும்புக் கரைசல் இட்டால் அதே வேர் கருஞ்சாயலுள்ள ஊதா தரும். சோழ மண்டலக் கரையின் சாயத் துணிகளைக் கண்டு வியந்த கூர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், இத்தொழில் முறைகளை 1742இல் கடிதமாகவே எழுதியனுப்பினார். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் டச்சுக்காரர் இவ்வேரைத் தம் ஏகபோகச் சரக்காக வைத்திருந்தனர். 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானியர் இருவர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கிவிட்டனர். அத்துடன் வேர் தோண்டுவோர் பிழைப்பும் சரியலாயிற்று.

சாயத் தொழில் கைவிட்ட வேரைச் சித்த வைத்தியம் கைவிடவில்லை. சளியைக் கரைத்து வெளியேற்றும் குணமுடையதென்று இருமல், இரைப்பு ஆகியவற்றிற்கு வேரைக் கஷாயமாக்கிக் கொடுப்பது வழக்கம். இலையை உலர்த்திப் பொடித்து, மாவுடன் பிசைந்து அடையாகத் தட்டி உண்பதும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, இருமும்போது இரத்தம் விழுவதை நிறுத்துவதற்கென்றே இது பெயர் பெற்றது. இம்பூறல் மாத்திரை என்றே ஒரு சித்த மருந்து வழங்கி வருகிறது.

இவ்விடத்தில் அங்கத்தினர்கள் சற்று நின்று யோசித்தல் வேண்டும். பஞ்சுத் தூசியிடையே உழைப்போர்க்கு இருமல் புதிதன்று. ‘தூசியால் வந்தது’ என்று மாதக் கணக்கில் தள்ளிப் போடுவோர் நம்மிடையே இருக்கின்றனர். ஆனால் எச்சிலில் இரத்தம் காணுவது காச நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கஷாயத்தால் இரத்தம் நின்றதாகத் தோன்றினும், நுரையீரலிலுள்ள கிருமி நிற்பதில்லை. அதே வீட்டில் உறங்கும் குழந்தைகளுக்கும் பரவும். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட 1943க்கு முன், இம்பூறலை நம்பியவர்க்கு வேறு கதி அதிகம் இல்லை. இன்று அந்த நிலை இல்லை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரத்தம் விழுந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அரசாங்க மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் பிடிக்கும். இடையில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு இந்நோய் தீரும் என்பதை உலகிற்கு மெய்ப்பித்ததே 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சிதான். ஆகவே தறியை விட்டு நெடுநாள் பிரிய வேண்டுமே என்னும் அச்சமும் வேண்டுவதில்லை. இம்பூறல் உண்ண விரும்புவோர் அதைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு, டாக்டருக்கும் தெரிவித்து உண்ணட்டும்.

விளைவிப்போர்க்கு ஒரு வார்த்தை. மணற்பாங்கான நிலமே இதற்கு உகந்தது. விதை மிக நுண்ணியது. ஆழப் புதைத்தால் முளைக்காது. பயிரிட்ட செடியில் வேர் முதிர இரண்டு ஆண்டு வரை ஆகும். நெல்லைப் போலவோ கடலையைப் போலவோ அந்தந்தப் போகத்தில் கைக்குப் பணம் வராது. காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவதாலோ அடுத்த ஆண்டுக்கு விதையும் மிஞ்சாது. இயற்கைச் சாயத் துணிக்கு இப்போது விருப்பம் கூடியிருப்பது மெய்யே. எனினும் சாயமிடுவோரோ மருந்துச் சாலையினரோ வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்ட பின்னரே, அதுவும் முதலில் சில சென்ட் நிலத்தில் மட்டும், விதைப்பது நலம்.