அழைப்பது சம்பளம், நிறுத்துவது எது? துவாஸ் வழியே இளம் வல்லுநர்களின் வரவும் போக்கும்

விடியும் முன்பே சிங்கப்பூரின் துவாஸ் சோதனைச் சாவடியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்துவிடும். 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலத்தின் வழியே ஜோகூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் இவர்கள். கிழக்கு-மேற்கு எம்ஆர்டி தடத்தின் கடைசி நிலையமான துவாஸ் லிங்க்கில் இன்னொரு கூட்டம் இறங்குகிறது. மருந்து ஆலைகளுக்கும், 2022இல் முதற்கட்டம் திறக்கப்பட்ட மெகா துறைமுகத்துக்கும் செல்பவர்கள் அவர்கள். இரண்டு கூட்டங்களிலும் நல்ல சம்பளம் வாங்கும் இளம் தமிழ்ப் பொறியாளர்கள் உண்டு. இருபதுகளில் ஆர்வமாக வந்தவர்களில் பலர், முப்பதுகளின் நடுவில் பெட்டி கட்டுகிறார்கள். ஏன்?

வரவழைப்பது எது?

முதல் காரணம் கையில் மிஞ்சும் பணம். மாதம் 8,000 வெள்ளி வாங்கும் மணமாகாத ஒருவர் சிங்கப்பூரில் ஆண்டுக்குச் செலுத்தும் வருமான வரி சுமார் 5,100 வெள்ளிதான். வெளிநாட்டவர் என்பதால் மத்திய சேமநிதிப் பிடித்தமும் கிடையாது. இந்தியாவிலோ, 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி ஆண்டு வருமானம் 24 லட்ச ரூபாயைத் தாண்டினால், தாண்டும் தொகைக்கு 30 விழுக்காடு வரி.

மலேசியருக்கு நாணய மதிப்பே பெரிய ஈர்ப்பு. 1973 வரை ஒரு சிங்கப்பூர் வெள்ளியும் ஒரு மலேசிய ரிங்கிட்டும் சம மதிப்பில் புழங்கின. இப்போது ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி, பள்ளியிலும் பாடம் என்பது குடும்பத்தோடு வருவோருக்குக் கூடுதல் தெம்பு.

கிளம்ப வைப்பது எது?

வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் பெறக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200. இந்த வரம்பு வயதோடு ஏறி, 45 வயதில் நிதித்துறை அல்லாதவற்றில் 10,700 ஆகிறது. வயதுக்கேற்ப சம்பளம் உயராதவருக்கு, பாஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சோதனைதான்.

அதோடு 2023 செப்டம்பரில் காம்பஸ் என்னும் புள்ளிமுறை வந்தது. 40 புள்ளி தேவை. சம்பளம், கல்வித்தகுதி ஆகியவற்றுடன் நிறுவனத்தின் பன்முகத்தன்மையும் கணக்கில் வருகிறது. நிறுவனத்தின் வல்லுநர்களில் கால் பங்குக்கு மேல் ஒரே நாட்டவர் என்றால், அந்நாட்டு விண்ணப்பதாரருக்கு அந்தப் பிரிவில் புள்ளியே இல்லை. இந்தியர்கள் நிறைந்த தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் இது நேரடியாகப் பாதிக்கிறது. உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு அரசு தந்த பதில் இது. அந்தக் கோரிக்கையில் நியாயமும் உண்டு.

குடும்பம் ஆனபின் கணக்கு இன்னும் மாறுகிறது. சார்ந்திருப்போர் அட்டையில் வரும் துணைவர் வேலை செய்ய, 2021 மே முதல் பொதுவாகத் தனி வேலை அனுமதி பெற வேண்டும். இரட்டைச் சம்பளத்தை நம்பிய வீட்டில் ஒருவர் சும்மா இருக்க நேர்கிறது. சொந்த வீடு வாங்கலாம் என்றால் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 விழுக்காடு. 10 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 6 லட்சம் வெள்ளி தீர்வை! வேலை போய் பாஸ் ரத்தானால் வழக்கமாகக் கிடைக்கும் அவகாசம் 30 நாள்.

நிரந்தரவாசம் பெற்றால் இவற்றில் பல தீரும். ஆனால் பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் மகன், வளர்ந்ததும் இரண்டாண்டு தேசிய சேவை ஆற்ற வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகும். மகன் பிறந்த வீடுகளில் இந்தப் பேச்சு இரவு வெகுநேரம் ஓடும்.

பாலத்துக்கு அப்பால்

இந்தத் தயக்கத்தை ஜோகூர் பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கிறது. 2025 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தான ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்தில், தகுதிபெறும் வல்லுநர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு 15 விழுக்காடு மட்டுமே வருமான வரி. சிங்கப்பூரில் 8,000 வெள்ளிக்காரருக்கு அது லாபமில்லை. ஆனால் மலேசியாவில் அதிகம் சம்பாதிப்பவர் ஊரிலேயே தங்க அது ஒரு காரணம். சிங்கப்பூரில் வேலை, ஜோகூரில் வீடு என்று வாழ்வோருக்கோ வாடகை மிச்சம். விலையாகப் போவது தூக்கமும் பயண நேரமும்.

கவனிக்க வேண்டியது

இருபத்தைந்து வயதில் சம்பளத்தைப் பார்த்து வருவது சரியே. ஆனால் முப்பத்தைந்தில் கேட்கப்போகும் கேள்விகளை முதல் பாஸ் புதுப்பிப்பின்போதே வீட்டில் பேசிவிட வேண்டும்: வயது வரம்புக்கு என் சம்பளம் ஈடுகொடுக்குமா, துணைவருக்கு வேலை கிடைக்குமா, மகன் எந்த நாட்டில் வளரப்போகிறான்? அரசுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வரிச்சலுகை ஆளை வரவழைக்கும். ஆனால் நிலைத்து வாழலாம் என்ற உறுதி சீக்கிரம் கிடைத்தால்தான் அவர்கள் தங்குவார்கள்.